திராட்சை ரசமும் பம்பும்

கோதாவரி பிறக்கும் திரியம்பகத்தை அடுத்த நாசிக், பஞ்சவடி இருக்கும் தலம் என்ற அளவில் நம் தாய்மார்கள் அனைவருக்கும் அறிமுகமான ஊர். இராமர் கோயிலைத் தரிசித்து, கும்பமேளாக் காலத்து நெரிசலைப் பேசிக்கொண்டே திரும்பும் யாத்திரிகர்களை நாசிக் ரோடு நிலையத்தில் நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆயினும் கடந்த கால் நூற்றாண்டில் இந்த வட்டாரம் இன்னொரு வகையிலும் பெயர் பெற்றுவிட்டது. 1990களின் பிற்பகுதியில் இங்கே மதுவுக்கென்றே திராட்சை பயிரிடத் தொடங்கினர். 2001ஆம் ஆண்டில் மகாராஷ்டிர அரசு திராட்சை பதனிடும் தொழிலுக்கென ஒரு கொள்கையை வகுத்துச் சலுகைகள் அளித்தது. அதன்பின் திண்டோரி, நிபாட் தாலுகாக்களிலும், கங்காபூர் அணையின் பக்கத்திலும், விஞ்சூரில் அமைந்த மதுத் தொழிற்பேட்டையிலும் பெரிதும் சிறிதுமாகப் பல மதுச்சாலைகள் எழுந்தன.

சங்கத்துப் பத்திரிகையில் மதுவைப் பற்றி எழுதுவதா என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். குடிப்பதைப் பற்றி நாம் எழுதப் போவதில்லை. இறைப்பதைப் பற்றியே எழுதப் போகிறோம். நம் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்று இந்தச் சாலைகளில் பிட்டர்களாகவும் பம்பு ஆபரேட்டர்களாகவும் வயிறு வளர்க்கிறார்கள். போதாக்குறைக்கு, பம்பு என்ற சொல்லைக் கேட்டவுடனே வடநாட்டு வியாபாரி, "கோயமுத்தூரா?" என்றுதான் கேட்கிறான். கிணற்றுக்கு ஏற்ற பம்பு எது என்று கொங்கு நாட்டு விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் கிணற்று நீருக்குச் சரியானது திராட்சை ரசத்துக்கும் சரியாகிவிடுமா என்பதே இங்குள்ள கேள்வி. ஆகாது என்பதை ஒரு நல்ல உள்ளம் படாத பாடுபட்டு அறிய நேர்ந்தது. அதைப் பின்னால் சொல்லுகிறோம்.

முதலில், ஒரு மதுச்சாலையில் பம்பு எதையெல்லாம் தள்ள வேண்டியிருக்கிறது என்று பார்ப்போம். ஐரோப்பாவில் திராட்சை அறுவடை ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை நடப்பது. நாசிக்கிலோ ஜனவரி முதல் மார்ச்சு வரை. குலைகள் வந்தவுடன் காம்பு நீக்கி நசுக்குகிறார்கள். அப்போது கிடைப்பது தோலும் விதையும் கூழும் சாறும் கலந்த ஒரு கஞ்சி. வெள்ளை மதுவாயின் அதைப் பிழிந்து சாற்றை மட்டும் புளிக்க விடுவர். சிவப்பு மதுவாயின் தோலோடும் விதையோடுமே தொட்டிக்கு அனுப்பிவிடுவர். புளிக்கும்போது தோல்கள் மேலே மிதந்து தடித்த ஆடைபோல் இறுகும். அடியிலுள்ள சாற்றை எடுத்து அதன்மேல் தெளித்துக்கொண்டேயிருந்தால்தான் நிறமும் சுவையும் சாற்றில் இறங்கும். பின்னர் வண்டல் படிந்த மதுவைத் தெளிவாக வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். வடிகட்டிக்கு அனுப்ப வேண்டும். கடைசியாகப் புட்டியில் நிரப்பும் யந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். முதலில் கஞ்சி, நடுவில் நுரை, பிறகு சேறு, முடிவில் தெளிந்த நீர் என்று ஒரே பொருள் நான்கு அவதாரம் எடுக்கிறது. நான்கையும் ஒரே பம்பு செவ்வனே தள்ளிவிடும் என்று விற்பனையாளர் எவரேனும் சொன்னால், அவர் நான்கில் எதையும் கண்ணால் கண்டதில்லை என்று கொள்ளலாம்.

கெடுதல் எங்கே விளைகிறது? இரண்டு இடங்களில். திராட்சை விதையைக் கடித்துப் பார்த்த குழந்தைக்கும் அதன் கசப்புத் தெரியும். வேகமாகச் சுழலும் சக்கரத்தில் விதை உடைந்தால் அந்தக் கசப்பும் துவர்ப்பும் மதுவில் இறங்கிவிடும். பிறகு எந்த வடிகட்டியாலும் அதைப் பிரிக்க இயலாது. தோலும் அரைபட்டால் நுண்ணிய சேறு மிகுந்து, தெளிவதற்கு வாரக்கணக்காகும். இரண்டாவது கெடுதி காற்று. நறுக்கிய ஆப்பிளும் வாழைக்காயும் காற்றுப் பட்டுக் கறுப்பதைப் பெண்கள் நாள்தோறும் அடுப்பங்கரையில் காண்கிறார்கள். வெள்ளை மதுவுக்கு நேர்வதும் அதுவே. காற்று நன்கு கலந்துவிட்ட ஒரு லிட்டர் மதுவில், சாதாரண வெப்பநிலையில், சுமார் 8 மில்லிகிராம் பிராணவாயு கரைந்து நிற்கும். குளிர்ந்த மதுவாயின் இன்னும் அதிகமாகும். பொன்னிறம் வெங்காயத் தோலின் நிறமாக மாறுவதற்கு இது போதும்.

நமக்கெல்லாம் மிகவும் பழகிய பம்பு மையவிலக்குப் பம்பு. வீட்டு மாடித் தொட்டிக்கு நீரேற்றுவதும், வயலுக்குப் பாய்ச்சுவதும் பெரும்பாலும் இவ்வகையே. உள்ளே ஒரு சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,900 தடவை சுழன்று, நீரை ஓரத்துக்கு வீசி எறிகிறது. விலை மலிவு, உழைப்பு அதிகம், அலையின்றிச் சீராகத் தள்ளும், வெளியேறும் பக்கத்து வால்வைச் சற்று நேரம் மூடினாலும் உடைந்துபோகாது. வடிகட்டி முடித்த தெளிந்த மதுவுக்கும், குழாய்களைக் கழுவும் காரநீருக்கும் இதற்கு ஈடில்லை. ஆனால் கஞ்சிக்கு இதை வைத்தால் மத்தைப் போட்டுக் கடைந்தது போலாகிவிடும். அன்றியும், உள்ளே காற்று புகுந்தால் இது தானாக நீரை இழுத்துக்கொள்ளாது. புளிக்கும் சாற்றிலோ கரியமிலவாயு நிறைந்திருக்கிறது. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் சிறிது குறைந்தாலும் சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் அது குமிழியாகக் கிளம்பிவிடும். சக்கரம் வாயுவில் வீணே சுழல, சாறு நகராமல் நிற்கும். சிப்பந்தி வால்வைத் திருகுவார், மோட்டாரைத் தட்டுவார், விதியை நோவார்.

இனி நாம் சொல்ல வந்த நிகழ்ச்சி. ஜோலார்பேட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற காரேஜ் பிட்டர் ஒருவர் நம் காலனிக்கு அருகே வசிக்கிறார். அவருடைய மகன் ஒரு சிறிய மதுச்சாலையில் பம்புகளைக் கவனிக்கும் வேலையில் இருந்தான். 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சுமார் 4,000 லிட்டர் வெள்ளை மதுவை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார்கள். பத்து நாள் கழித்துத் திறந்து பார்த்தபோது நிறம் பழுத்து, அடிபட்ட ஆப்பிளின் வாடை வீசிற்று. தொட்டியின் மூடியைச் சரியாக மூடாமல் பையன் விட்டுவிட்டான் என்று பழி அவன் தலையில் விழுந்தது. வேலை போவது மட்டுமன்றி, நஷ்டத்தில் ஒரு பகுதியைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாகவும் பேச்சு எழுந்தது. "அண்ணா, மூடியை நான்தான் மூடினேன், மூடிவிட்டு நாற்புறமும் தடவிப் பார்த்தேன்" என்று அவன் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கண் கலங்கியது இன்னும் மறக்கவில்லை.

அவனுடைய தகப்பனார் அதிகம் பேசாதவர். "பம்பு எங்கே இருக்கிறது, தொட்டி எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். பம்பு மூலையில் மின்பலகைக்கு அருகே தரையோடு போல்ட்டு போட்டு இறுக்கப்பட்டிருந்தது. தொட்டியிலிருந்து அதற்கு 15 மீட்டர் நீளமுள்ள, 38 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய். நடுவிலே மூன்று இணைப்புகள். பெரியவர் சிரித்துவிட்டார். முன்னாளில் நம் ரயில்களில் வெற்றிடத் தடை இருந்ததை மூத்த ஊழியர்கள் அறிவார்கள். இப்போதைய காற்றழுத்தத் தடையில் ஓட்டை விழுந்தால் காற்று வெளியே சீறும். வெற்றிடத் தடையிலோ வெளிக்காற்று உள்ளே போகும். நீர் சொட்டாது, எண்ணெய் கசியாது, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பம்பின் உறிஞ்சும் பக்கமும் அப்படியே. தள்ளும் பக்கத்தில் வாஷர் தேய்ந்தால் மது சொட்டித் தரை நனையும், எவரும் கண்டுகொள்வர். உறிஞ்சும் பக்கத்தில் தேய்ந்தால் ஒரு துளியும் வெளிவராது. காற்றுதான் உள்ளே நுழைந்துகொண்டேயிருக்கும்.

மதுச்சாலைக்குப் போய், மதுவுக்குப் பதில் தண்ணீரை ஓட்டச் சொன்னார் பெரியவர். ஒவ்வோர் இணைப்பின் மேலும் சோப்பு நுரையைத் தடவினார். இரண்டாவது இணைப்பில் தடவிய நுரை வெளியே குமிழிவிடாமல் கிளாம்பின் இடுக்குக்குள் மெள்ள மறைந்தது. தள்ளும் பக்கத்துக் கண்ணாடிக் குழாயில் பார்த்தால் கடுகு கடுகாகக் குமிழிகள்! ஒரு வாஷரின் விலைக்காக 4,000 லிட்டர் மதுவும் பிராந்தி காய்ச்சுபவருக்கு அடிமாட்டு விலைக்குப் போயிற்று. பையனுடைய வேலை பிழைத்தது. முதலாளியும் நியாயஸ்தர், முதலில் கோபித்தவரே பிறகு பெரியவருக்கு ஒரு கூடை திராட்சை கொடுத்தனுப்பினார்.

வாஷர் மட்டுமே குற்றவாளி என்று நாம் கருதவில்லை. பம்பை ஓரிடத்தில் இறுக்கி வைத்ததே மூலக் காரணம். பம்பு நீரை 'இழுக்கிறது' என்று நாம் பேச்சுவழக்கில் சொல்கிறோம். உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தமே நீரை உள்ளே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் சுமார் 10.3 மீட்டர் நீரைத் தாங்கும். நாசிக்கோ சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே கிடைப்பது ஏறக்குறைய 9.6 மீட்டர்தான். அதிலும் குழாயின் உராய்வுக்கும் வளைவுகளுக்கும் கொடுத்தது போக மிச்சமே பயன்படும். ஆகவே உறிஞ்சும் குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். பம்பு தொட்டியின் காலடியில், அதன் மட்டத்துக்குக் கீழே நிற்க வேண்டும். தூரத்தையெல்லாம் தள்ளும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். இதற்காகவே மதுச்சாலைப் பம்புகளைச் சக்கர வண்டியில் பொருத்தி விற்கிறார்கள். அந்தச் சக்கரத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை ஆடம்பரம் என்று எண்ணலாகாது.

சிறிய சாலைகளில் அதிகம் காணப்படுவது ரப்பர் இறக்கைப் பம்பு. உலோகக் கூட்டுக்குள் ரப்பர் இதழ்கள் கொண்ட சக்கரம் சுற்றும். கூட்டின் ஒருபுறம் சற்றே மேடிட்டிருப்பதால் இதழ்கள் அங்கே மடங்கிச் சாற்றை வெளியே தள்ளும். மேடு தாண்டியதும் நிமிர்ந்து மறுபடி இழுத்துக்கொள்ளும். இது தானே காற்றை வெளியேற்றிவிட்டுச் சாற்றை ஏற்கும். மோட்டாரைத் திருப்பிச் சுழற்றினால் எதிர்த்திசையிலும் தள்ளும். மெதுவாக ஓட்டினால் வண்டலையும், ஓரளவு தோலையும் தாங்கும். இதன் ஒரே எதிரி வறட்சி. சாறு தீர்ந்தபின் சில நிமிடம் வெறுமனே ஓடவிட்டால் ரப்பர் சூடேறிக் கருகிவிடும். தேநீர் குடிக்கப் போன சிப்பந்தி திரும்பி வருவதற்குள் ஒரு சக்கரம் பாழாவது சர்வ சாதாரணம். தொட்டி காலியானால் தானாக நிறுத்தும் ஒரு கருவியை இணைப்பது நலம். கையிருப்பில் ஒரு சக்கரம் வைத்திருப்பது அதனினும் நலம்.

தோலும் விதையுமாகிய முழுக் கஞ்சிக்குச் சிறந்தது திருகுப் பம்பு. இதைக் கண்டவர் ரெனே முவானோ என்னும் பிரெஞ்சுப் பொறியாளர். காலம் 1930ஆம் ஆண்டளவு. முவானோ என்றால் பிரெஞ்சு மொழியில் சிட்டுக்குருவி என்று பொருளாம். அவர் பெயரின் எச்சமே நாம் வழங்கும் 'மோனோ பம்பு' என்ற சொல். முறுக்கிய எஃகுத் தண்டு ஒன்று அதற்கேற்ற புரிகொண்ட ரப்பர் உறைக்குள் சுழலும். இரண்டுக்கும் இடையே உண்டாகும் அறைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்துகொண்டே போகும். அறைக்குள் இருக்கும் திராட்சையும் பயணிபோல் உட்கார்ந்தபடியே போய்ச் சேரும். மேலே ஓர் அகன்ற வாயும் அதன் அடியில் ஒரு திருகுத் தள்ளியும் வைத்து, நசுக்கும் யந்திரத்தின் கீழேயே நிறுத்திவிடுவார்கள். இதையும் வறண்டு ஓட்டக்கூடாது. அதனினும் முக்கியம், வெளியேறும் வால்வை மூடிவிட்டு ஓட்டக்கூடாது. மையவிலக்குப் பம்பைப் போல் இது விட்டுக்கொடுக்காது. அழுத்தம் ஏறிக்கொண்டே போய்க் குழாய் வெடிக்கும், அல்லது உறை கிழியும். அழுத்தம் மிஞ்சினால் நிறுத்தும் ஏற்பாடு இல்லாமல் இதை வாங்கவே கூடாது.

வசதி படைத்த பெரிய சாலைகளில் இரட்டை மடல் பம்பு வைத்திருக்கிறார்கள். ஒன்றையொன்று தொடாமல் சுழலும் இரு மடல்கள். மிகச் சுத்தம், மிக மென்மை, விலையும் அதற்குத் தகுந்தபடி. குழாயையே உருளைகளால் அழுத்திப் பிதுக்கித் தள்ளும் பம்பு ஒன்றும் உண்டு. பசுவின் மடியைப் பீச்சுவது போன்ற வேலை. சாறு குழாயைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. வறண்டு ஓடினாலும் கவலையில்லை. ஆனால் துடித்துத் துடித்துத் தள்ளும். குழாய் தேய்ந்தால் மாற்றும் செலவும் சிறிதன்று. காற்றழுத்தத்தால் ஓடும் சவ்வுப் பம்பும் அவ்வாறே துடிக்கும். வடிகட்டிக்கு முன்னே துடிப்புள்ள பம்பை வைத்தால் அட்டைகளில் படிந்த அழுக்கு அதிர்ந்து மறுபடியும் மதுவிலே கலக்கும். சவ்வுப் பம்பில் மின்மோட்டார் இல்லையாகையால், சாராய ஆவி சூழ்ந்த பிராந்திக் கூடங்களில் அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

குதிரைச்சக்தியைக் கேட்டுப் பம்பு வாங்குவது நம்மவரிடம் வேரூன்றிய பழக்கம். கேட்க வேண்டியது மணிக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் உயரம், எவ்வளவு அகலக் குழாய் என்பவையே. ஒரு கணக்குப் பார்ப்போம். மணிக்கு 10,000 லிட்டர் மதுவை 50 மில்லிமீட்டர் குழாயில் அனுப்பினால் அது நொடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் அமைதியாகப் போகும். 20 மீட்டர் நீளத்தில் உராய்வுக்குப் போவது ஒரு மீட்டர் நீருயரத்துக்கும் குறைவு. அதே அளவை 25 மில்லிமீட்டர் குழாயில் அனுப்ப முயன்றால் வேகம் நொடிக்கு 5.6 மீட்டருக்கு மேல் ஏறிவிடும். உராய்வுக்கே 20 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம் தொலையும். தொட்டியின் உயரமோ வெறும் 4 மீட்டர்! விட்டத்தைப் பாதியாக்கினால் உராய்வு ஏறக்குறைய 32 மடங்கு பெருகும் என்பதை அறியாமல், ஒல்லிக் குழாயைப் போட்டுவிட்டுப் பம்பில் பலமில்லை என்று பெரிய மோட்டார் மாற்றியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். திருகுப் பம்பு, மடல் பம்பு முதலியவற்றைத் தேவைக்குச் சற்றுப் பெரிதாக வாங்கி மெதுவாக ஓட்டுவதே விவேகம். மையவிலக்குப் பம்பில் அந்த விதி செல்லாது. அதை அளவறிந்தே வாங்க வேண்டும்.

உலோகத்திலும் கண் வேண்டும். கிணற்றுப் பம்பின் வார்ப்பிரும்பும் பித்தளையும் மதுவின் புளிப்பில் கரையும். இரும்பும் செம்பும் சேர்ந்தால் மது மங்கிக் கலங்கும். துருப்பிடிக்காத எஃகில் 304ஆம் தரமும் 316ஆம் தரமும் வழக்கிலுள்ளன. மதுவைக் காக்கச் சேர்க்கும் கந்தக வாயுவைத் தாங்குவதில் பின்னது மேல். ரப்பர் உணவுக்குத் தகுந்த தரமாயிருத்தல் அவசியம். சாதாரண ரப்பரின் வாடை முதல் நாளே மதுவில் ஏறிவிடும்.

பணநஷ்டத்தினும் பெரிய ஆபத்து ஒன்றை, இத்தொழிலில் பிள்ளைகளை விட்டிருக்கும் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும். ஒரு லிட்டர் சாறு முற்றும் புளிக்கும்போது 50 லிட்டருக்கு மேல் கரியமிலவாயு வெளிவருகிறது. அது காற்றைவிடக் கனமானது, நிறமில்லை, பள்ளத்தில் குளம்போல் தங்கும். பம்பைத் தரைமட்டத்துக்குக் கீழே குழி தோண்டி வைப்பது உறிஞ்சுவதற்கு நல்லதுதான். ஆனால் அறுவடைக் காலத்தில் அந்தக் குழிக்குள் குனிகிறவன் மூர்ச்சையாகி விழுவான். அவனைத் தூக்கப் போகிறவனும் விழுவான். வாயுவை அளக்கும் கருவியும், காற்றை வெளியேற்றும் விசிறியும், மேலே நின்று கவனிக்கும் ஓர் ஆளும் இல்லாமல் தொட்டிக்குள்ளோ குழிக்குள்ளோ இறங்கக்கூடாது. யார் கட்டளையிட்டாலும் இறங்கக்கூடாது. ஈரத்தரையில் உருளும் பம்பு வண்டிக்கு, மின்கசிவு ஏற்பட்ட நொடியே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பும், நீர் புகாத பிளக்கும் வேண்டும். டேப்புச் சுற்றிய ஒயரைக் கண்டால் வேலையைத் தொடங்காமல் சொல்லிவிடத் தம்பிகள் கூச்சப்பட வேண்டாம்.

மேலே கூறிய சிறிய சாலை மறுவருஷம் என்ன வாங்கிற்று என்று கேட்பவர்களுக்காக: கஞ்சிக்கு அகன்ற வாயுள்ள ஒரு திருகுப் பம்பு, தொட்டி மாற்றவும் சாறு தெளிக்கவும் இரண்டு வேகத்தில் ஓடும் ரப்பர் இறக்கைப் பம்பு ஒன்று, சக்கர வண்டியில், கழுவுவதற்கும் வடிகட்டிக்கும் எஃகில் செய்த மையவிலக்குப் பம்பு ஒன்று. கடைசியாகச் சொன்னது நம் கோயமுத்தூரிலிருந்தே வந்தது. பழைய பம்பு தோட்டத்துக்குப் போய்விட்டது. அங்கே சொட்டுநீர்ப் பாசனத்துக்கு அது கம்பீரமாகவே உழைக்கிறது.

ஏப்ரலில் பருவம் முடிந்ததும் பம்புகளைக் காரநீரால் கழுவி, சிட்ரிக் அமிலக் கரைசலால் அலசி, நல்ல நீரால் சுத்தம் செய்து காயவைக்கிறார்கள். ரப்பர்ச் சக்கரத்தைக் கழற்றித் தனியே வைத்துவிட வேண்டும். கூட்டுக்குள்ளேயே எட்டு மாதம் மடங்கிக் கிடந்தால் இதழ்கள் வளைந்தபடியே நின்றுவிடும். டிசம்பர் மாதம் பிறந்ததும் உணவுக்கேற்ற கிளிசரினைத் தடவி அதை மறுபடி மாட்டுவது நம் ஜோலார்பேட்டைப் பையனுடைய வேலை. வாஷர்களை மட்டும் அவனுடைய தகப்பனார் ஒருமுறை வந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறார்.